சுண்ணாம்பு சொன்ன கணக்கு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



தொழிற்சாலை அனுபவத்தைப் பேசச் சொன்னார்கள். பதவி உயர்வுக் கதையெல்லாம் மதியச் சாப்பாட்டில் பேசிக்கொள்ளலாம். நான் சுண்ணாம்பைப் பற்றிப் பேசப்போகிறேன். சிரிக்காதீங்க.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அடுப்பே இல்லாமல் தொட்டித் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? காளவாயிலிருந்துதான். சுண்ணாம்புக் கல்லை ஏறக்குறைய 900 டிகிரியில் சுடும்போது கரியமில வாயு பிரிந்து போகிறது. அப்படிப் பிரிக்க, மோலுக்குச் சுமார் 178 கிலோ ஜூல் வெப்பம் உள்ளே போக வேண்டும். இது வெப்பக் கொள் வினை. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் 65 திரும்பி வருகிறது. இது வெப்ப உமிழ் வினை. பாக்கி 113? சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லாகிறதே, அப்போது மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வெளியேறுகிறது. சுவரைத் தொட்டுப் பார்த்தால் நமக்குத் தெரியாது. 65-ம் 113-ம் 178. இந்தக் கணக்கைப் போட்டு இதே கல்லூரியில் முழு மதிப்பெண் வாங்கியவன் நான்.

வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம், கழிவுநீர்ப் பிரிவில் இருந்தேன். அமிலக் கழிவில் சேர்க்கச் சுண்ணாம்புப் பால் வேண்டும். அன்றைக்கென்று கலக்கும் மோட்டார் ரிப்பேர். ஒரு டிரம்மில் சுட்ட சுண்ணாம்புக் கட்டிகளைக் கொட்டி, மேலே தண்ணீர் ஊற்றச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. "பழைய சரக்கு போலிருக்குண்ணே, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றேன். அவர் குனிந்து பார்த்தார். அப்போதுதான் பொங்கிச் சீறியது.

குழாயடியில் வைத்துக் கண்களைக் கழுவிக்கொண்டே இருந்தோம். ஒரு கண் தப்பியது. இன்னொன்றில் இன்றைக்கும் மங்கல்தான். ஆஸ்பத்திரியில் அவர் கோபப்படவில்லை. "ஏன் சார், இது இப்படிக் கொதிக்கும்னு உங்க புஸ்தகத்துல போடலியா?" என்று மட்டும் கேட்டார்.

போட்டிருந்தது. மோலுக்கு 65 என்று போட்டிருந்தது. ஒரு மோல் என்றால் 56 கிராம். அதைக் கிலோவுக்கு மாற்றினால் 1,160 கிலோ ஜூலுக்கு மேல். சேதாரமில்லாமல் கிடைத்தால் ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும். டிரம்மில் இருந்ததோ பல கிலோ. தண்ணீர் கட்டிக்குள் ஊறிப்போகத்தான் அந்தக் 'கொஞ்ச நேரம்'. சூடு ஏற ஏற வினையின் வேகம் கூடும்; வேகம் கூடினால் சூடு இன்னும் ஏறும். நடுவில் மாட்டிய வெப்பத்துக்கு வெளியேற வழியில்லை. தண்ணீர் ஆவியாகி, சுண்ணாம்பையும் சேர்த்து வீசியது. தண்ணீரை நிறைய வைத்துக்கொண்டு சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்கியிருந்தால், அத்தனை தண்ணீரும் அந்தச் சூட்டைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கும். வெள்ளையடிக்கும் எந்தப் பெரியவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை, இஞ்சினியர் அல்லவா!

இப்போது என் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் வேலை இதுதான்: கண்ணாடி மாட்டிக்கொண்டு, வாளித் தண்ணீரில் கரண்டி கரண்டியாகச் சுட்ட சுண்ணாம்பைப் போட்டு, ஒவ்வொரு கரண்டிக்கும் தெர்மாமீட்டர் பார்த்து எழுத வேண்டும். முணுமுணுக்கிறார்கள். எழுதட்டும்.