எல்லைக் கோடும் ஏழையின் ஓட்டும்

(கருங்கல் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



தேர்தல் வந்தால் யார் நிற்கிறார், என்ன சின்னம் என்று கேட்கிறோம். தொகுதியின் எல்லையை வரைந்தது யார் என்று கேட்பதில்லை. பாதி முடிவு அந்தக் கோட்டிலேயே அடங்கியிருக்கிறது.

நம் ஜில்லாவையே எடுத்துக்கொள்வோம். முன்பு இங்கே ஏழு சட்டசபைத் தொகுதிகள் இருந்தன. 2008 மறுவரையறையில் பால்வெட்டுத் தொழிலாளர் வாழும் திருவட்டாறு மறைந்தது. 2011 தேர்தலில் ஆறுதான்.

ஏன் போயிற்று? கணக்கைப் பாருங்கள். 1971-ல் தமிழ்நாட்டின் ஜனத்தொகை 4 கோடியே 12 லட்சம். 234 தொகுதிகளுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 1 லட்சத்து 76 ஆயிரம். நம் ஜில்லாவில் 12 லட்சத்து 22 ஆயிரம் பேர். பங்கு ஏறக்குறைய ஏழு. 2001-ல் தமிழ்நாடு 6 கோடியே 24 லட்சம். தொகுதிக்கு 2 லட்சத்து 67 ஆயிரம். நாம் 16 லட்சத்து 76 ஆயிரம், பங்கு ஆறேகால். கால் போயிற்று, ஆறு நின்றது. நாம் குறையவில்லை, நாலரை லட்சம் கூடினோம். மற்ற ஜில்லாக்கள் நம்மைவிட வேகமாகக் கூடின. அதுதான் நாம் செய்த குற்றம்!

ஜில்லாவுக்கு நடந்தது ராஜ்யத்துக்கும் நடந்தது. 1962-ல் 41 எம்.பி.க்களை அனுப்பிய நாம் 1967-ல் 39 பேரையே அனுப்பினோம். 1976-ல் 42-வது திருத்தம் ராஜ்யங்களின் பங்கை 1971 கணக்கில் நிறுத்தியது. 2001-ல் வந்த 84-வது திருத்தம், 2026-க்குப் பின் எடுக்கும் முதல் சென்சஸ் வரை அதை நீட்டியது.

ஓட்டுக்கு ஒரே மதிப்பு வேண்டுமென்று பீஹார் விவசாயக் கூலி கேட்டால் அது நியாயம்தான். அவர் நம் எதிரியல்ல. ஆனால் பள்ளியும் ஆஸ்பத்திரியும் பெருகி, குழந்தைச் சாவு குறைந்து, குடும்பம் சிறுத்த ராஜ்யம் அதற்காகவே டில்லியில் குரல் இழப்பதும் நியாயமல்ல. ராஜ்யங்கள் கூடிப் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் இது. தலை எண்ணி அமுக்கித் தீர்ப்பதல்ல.

ஸ்தானம் எத்தனை என்பது ஒன்று. கோடு எங்கே விழுகிறது என்பது இன்னொன்று. ஒரு மில் பகுதியில் 60 ஆயிரம் தொழிலாளர் ஓட்டு ஒரே தொகுதியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கூலியைப் பற்றிப் பேசாமல் எந்த வேட்பாளரும் தப்ப முடியாது. அதையே மூன்று துண்டாக்கி மூன்று தொகுதிகளில் ஒட்டினால் ஒவ்வொன்றிலும் 20 ஆயிரம். மூவருமே திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஓர் ஓட்டும் திருடு போகவில்லை. பலம் மட்டும் போய்விட்டது! அமெரிக்காவில் 1812-லேயே, மாஸசூசெட்ஸ் கவர்னர் ஜெர்ரி காலத்தில், கோணல் எல்லை வகுத்தார்கள். அந்தத் தந்திரத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

2002 சட்டப்படி அமைந்த கமிஷனில் ஐந்து எம்.பி.க்களும் ஐந்து எம்.எல்.ஏ.க்களும் நம் ராஜ்யத்தின் சார்பில் துணை உறுப்பினர்கள். அவர்கள் பேசலாம், ஓட்டுரிமை இல்லை. ஆனால் நகல் திட்டத்தை வெளியிட்டு, ஜனங்களின் ஆட்சேபங்களைக் கேட்க வேண்டுமென்றும் அந்தச் சட்டம் சொன்னது. நமக்குள்ள வாசல் அதுதான். ஆகவே அடுத்த வரைபடம் வரும் நாளில் அதைச் சங்கக் கிளையில் விரித்து வையுங்கள். எந்தக் குடியிருப்பு எங்கே வெட்டுப்படுகிறது என்று பாருங்கள். கூடி மனு எழுதுங்கள். விசாரணைக்கு நேரில் போய்ப் பேசுங்கள்.

வயலில் வரப்பு ஒரு சாண் நகர்ந்தால் ஊரே கூடுகிறது. தொகுதியின் வரப்பு நகரும்போது மட்டும் நாம் தூங்குவதா?