கணக்குக் காட்டாதவர்



இந்த அறக்கட்டளையின் சொற்பொழிவு நூல்களில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசிப் பக்கந்தான். மூலதனத்துக்கு வந்த வட்டி இவ்வளவு, அச்சுக்கூலி இவ்வளவு, பேச வந்தவருக்குப் பயணப்படி இவ்வளவு, கேட்க வந்தவர்களுக்குக் காபி இவ்வளவு என்று, நிறுவியவர் விதித்தபடி, ஆண்டுதோறும் வரவு செலவு அதில் அச்சாகிறது. கொடுத்தவர் மறைந்த பின்னும் அவர் பணத்துக்குக் கணக்குச் சொல்லும் இந்தச் சிரத்தை, உயிரோடிருந்து வரி கட்டுகிறவர்கள் விஷயத்தில் ஏன் இல்லை என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட சாசனங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும், ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த குடவோலையோடு நின்றுவிடுகிறார்கள். முப்பது குடும்புகளும், குடத்துக்குள் கைவிடும் சிறுவனும் நம் மேடைகளுக்குப் பழகிப்போனவை. எவர் பெயரைக் குடத்தில் இடலாகாது என்று விலக்கும் பகுதியே அச்சாசனத்தின் ஜீவன் என்பது என் அபிப்பிராயம். வயது 35க்கு மேலும் 70க்குள்ளும் இருந்து, வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வைத்து, சொந்த மனையில் வீடு கட்டி, வேதமும் ஓதியிருந்தாலும், முன்பு ஏதேனுமொரு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமற் போனவராயின் அவருக்கு ஓலை இல்லை. அவருக்கு மட்டுமா, அவருடைய தகப்பன், மகன், மாமனார், மைத்துனன், மருமகன், சகோதரி மக்கள் என்று நீளும் உறவினருக்கும் இல்லை. பினாமி என்னும் பாரசீகச் சொல் நம் ஊர் வந்து சேர்வதற்கு முன்பே அதன் உறவுமுறையை அறிந்துவைத்திருந்தவர்கள் அவர்கள்!

இந்த விதிகளை இயற்றிய ஊர்ச்சபையை ஜனநாயகம் என்று கொண்டாட எனக்குச் சம்மதமில்லை. அது பிரமதேயத்துச் சபை. நிலமுடைய வேதியர் கூடிய அவ்விடத்தில் உழுதவனுக்கோ பெண்ணுக்கோ இடமில்லை. ஆயினும், களவு ருசுவாக வேண்டும் என்று காத்திராமல், கணக்குக் காட்டாமையே குற்றமென்று கொண்டார்கள் அல்லவா, அதுதான் கவனிக்கத்தக்கது.

நம் சட்டத்தைப் பாருங்கள். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, வேட்பாளர் தம் தேர்தல் செலவுக் கணக்கை, தக்க காரணமின்றி, முறைப்படி ஒப்படைக்கத் தவறினால், தேர்தல் ஆணையம் அவரை மூன்றாண்டு தகுதியிழக்கச் செய்யலாம். அதே மனிதர் நாடாளுமன்ற உறுப்பினரான பின், தொகுதி மேம்பாட்டு நிதியென்று ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்க்கான வேலைகளைச் சிபாரிசு செய்கிறார். அந்த வேலைகளைப் பற்றித் தொகுதி மக்கள் முன் நின்று கணக்குச் சொல்லாதிருந்த ஒரே காரணத்துக்காக அவரை விலக்கும் விதி அந்தச் சட்டத்தில் இல்லை. தம் பணத்துக்கு உள்ள கெடுபிடி ஊர்ப்பணத்துக்கு இல்லை. தணிக்கை அதிகாரியின் அறிக்கை அவையில் வைக்கப்படுகிறது, உண்மை. பொதுக் கணக்குக் குழுவுக்கு 1967 முதல் எதிர்க்கட்சியினரே தலைவராக வருவதும் நல்ல மரபே. ஆனால் அந்த அறிக்கையின் பாஷை வரி கட்டியவனுக்காக எழுதப்பட்டதன்று.

அவனுக்குக் கேட்கும்படி கணக்கை வாசித்த இடமும் உண்டு. ராஜஸ்தானத்தில், 1994 டிசம்பரில், கோட் கிரானா என்ற கிராமத்தில் வேலைப் பதிவேட்டை ஊர்நடுவே உரக்க வாசித்தார்கள். தகவல் உரிமைச் சட்டத்துக்கு வித்திட்ட நிகழ்ச்சிகளில் அதுவும் ஒன்று. வாசிப்பதனால் என்ன வந்துவிடும் என்பவர்களுக்கு, நான் கண்டதொன்றைச் சொல்கிறேன்.

ஓர் அக்டோபர் 2ஆம் தேதி, ஒரு சிற்றூரின் கிராம சபையில் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். ஊராட்சிச் செயலர் பாடம் ஒப்பிப்பதுபோல் வேகமாக வாசித்துக்கொண்டு போனார். தெருவிளக்குப் பராமரிப்பு என்ற இடம் வந்ததும், முன்வரிசையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு மூதாட்டி, "எங்க தெருக் கம்பத்துல வெளக்கு எரிஞ்சே ஆறு மாசமாச்சே தம்பி, எந்தக் கம்பத்துக்கு மாத்துனீங்க?" என்றார். செயலர் தலைவரைப் பார்த்தார். தலைவர் தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு செயலர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பட்டியலை முதலிலிருந்து, இந்த முறை ஒவ்வொரு செலவும் எந்தத் தெருவில் என்று சேர்த்தே வாசிக்கத் தொடங்கினார்.