உத்தமப் பொறையும் தூக்குக் கயிறும்

(தசலட்சணப் பர்வ விழாவின் முதல் நாளன்று ஆற்றிய உரை)

 

பத்து அறங்களுள் முதலாவதாகிய உத்தம க்ஷமை எனும் பொறையைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். பொறையின் பெருமையை இந்த அவை நன்கறியும். ஆதலின், அப்பண்பு மிகக் கடுமையாகச் சோதிக்கப்படும் ஓரிடத்தை இன்று எடுத்துக்கொள்கிறேன். தம் மகளையோ கணவனையோ கொலைக்குப் பறிகொடுத்தவர்கள், கொன்றவனுக்குத் தூக்குத் தண்டனை வேண்டுமென விரும்பலாமா? விரும்பாதீர்கள் என்று நாம் அவர்களிடம் கூறலாமா? இவை ஒரே வினா போலத் தோன்றினும் இரண்டு வினாக்கள்.

முதல் வினாவுக்கு நம் சமயம் தரும் விடையைப் பார்ப்போம். இல்லறத்தார்க்கு நேரும் ஹிம்சையை நம் முன்னோர் நான்காகப் பகுத்தனர். கருதிச் செய்வது சங்கல்ப ஹிம்சை. சமையல் முதலிய இல்லப் பணிகளில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. உழவு, வணிகம் முதலிய தொழில்களில் நேர்வது உத்தியோக ஹிம்சை. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்கும்பொருட்டு எதிர்ப்பதில் நேர்வது விரோத ஹிம்சை. இவற்றுள் முதலாவதை இல்லறத்தானும் விலக்கியே ஆக வேண்டும். கத்தியோடு பாய்ந்து வருபவனைத் தடுப்பது நான்காவதில் அடங்கும். ஆனால், பிடிபட்டுப் பல்லாண்டுகளாகச் சிறைக்குள் இருப்பவனை நாள் குறித்துக் கொல்வது எதில் அடங்கும்? முதலாவதிலன்றி வேறெதிலும் அதனை வைக்க என்னால் இயலவில்லை. மேலும், தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல் ஆகிய மூன்றும் வினையைக் கட்டும் என்பது நம் கொள்கை. தூக்கிலிடுவது அரசின் கை. எனக்கு அதில் பங்கில்லை என்று விரும்பியவர் விலகிவிட முடியாது.

இங்கே ஒரு தடை எழும். வள்ளுவர் செங்கோன்மை அதிகாரத்தில், கொலைபுரியும் கொடியோரை வேந்தன் ஒறுப்பதைப் பயிரில் களை எடுப்பதோடு ஒப்பிடவில்லையா என்று கேட்பீர்கள். ஒப்பிட்டிருக்கிறார். ஆனால் அது பொருட்பாலில், அரசனை நோக்கிக் கூறப்பட்டது. தீங்கிழைக்கப்பட்ட மனிதனை நோக்கிப் பேசும்போது அவர் வகுத்த அதிகாரங்கள் பொறையுடைமையும் இன்னா செய்யாமையும் ஆகும். அரசன் குடிகளைக் காக்கும் கடமை வேறு. இழந்தவர் தம் நெஞ்சைக் காக்கும் கடமை வேறு. குற்றவாளி பிடிபட வேண்டும், உண்மை வெளிவர வேண்டும், அவன் மீண்டும் எவருக்கும் தீங்கு செய்யாதவாறு அடைக்கப்பட வேண்டும் என்று விரும்புவதில் எப்பிழையும் இல்லை.

அரசனின் ஒறுத்தலும் தவறக் கூடியதே என்பதற்கு நம் சிலப்பதிகாரமே சான்று. ஆராயாது விதிக்கப்பட்ட கொலைத் தண்டனையால் கோவலன் மாண்டான். தவற்றை உணர்ந்த பாண்டியன் அவையிலேயே உயிர்விட்டான். கண்ணகிக்கு வேண்டிய நீதி அப்போதே கிடைத்துவிட்டது. ஆயினும் அவள் துயரம் அடங்கவில்லை, மதுரை எரிந்தது. மற்றோர் உயிர் போனதால் இழந்தவர் நெஞ்சம் ஆறிவிடும் என்பதற்கு உறுதியில்லை.

பொறை நடைமுறைக்கு ஒவ்வாது என்போர் நம் நாட்டு வரலாற்றைப் பார்க்கலாம். ஜைன அறிஞரான ஸ்ரீமத் ராஜசந்திரரிடம் ஆன்மிக ஐயங்களைத் தெளிந்தவர் காந்தியடிகள். அவர் கொல்லப்பட்டபின், கோட்சேயைத் தூக்கிலிட வேண்டாம் என்று அவர் மக்கள் மணிலாலும் ராமதாசும் வேண்டினர். அவ்வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. 1949 நவம்பர் 15 அன்று அம்பாலா சிறையில் தண்டனை நிறைவேறியது. தந்தையைக் கொன்றவனின் உயிருக்காகப் பேசிய அம்மக்களின் சொல் மட்டும் நமக்கு எஞ்சியது.

1991 மே 21 அன்று நம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் அவரோடு காவலர்கள் உள்ளிட்ட பலரும் குண்டுவெடிப்பில் மாண்டனர். 1998-இல் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அவர்களுள் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. எஞ்சியோருள் நால்வருக்கே தூக்கு உறுதியாயிற்று. அந்நால்வருள் ஒருவரான நளினிக்குச் சிறையில் பிறந்த ஒரு மகள் இருந்தாள். கணவரை இழந்த சோனியா காந்தி, நளினியின் உயிரைப் பறிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 2000-இல் அத்தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. மற்ற மூவரின் தண்டனையும் 2014-இல் குறைக்கப்பட்டது. ஆனால், அதே குண்டுவெடிப்பில் உறவினரை இழந்த வேறு சிலர், குற்றவாளிகளை விடுவிக்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். ஒரே இரவில் ஒரே இடத்தில் நேர்ந்த இழப்பு; நெஞ்சங்களோ வெவ்வேறு. இவர்களைப் பொறையற்றவர் என்று பழிக்க நமக்கு என்ன உரிமை?

இங்கேதான் இரண்டாம் வினா வருகிறது. 2012 டிசம்பரில் தில்லியில் கொடுமைக்கு உள்ளாகி உயிரிழந்த மாணவியின் தாய், தூக்குத் தண்டனை கோரி ஏழாண்டுக்கு மேல் நீதிமன்ற வாயில்களில் நின்றார். 2020 மார்ச் 20 அன்று நால்வர் தூக்கிலிடப்பட்டபோது, திகார் சிறைக்கு வெளியே கூடியோர் ஆரவாரம் செய்தனர். அத்தாயின் விருப்பம் துயரத்தில் பிறந்தது. ஆரவாரித்தோர் இழந்தது யாது? செய்தித்தாளைப் புரட்டியபடி, இவனையெல்லாம் தூக்கில் போட வேண்டும் என்று நாம் சொல்லும்போது நாம் இழந்தது யாது? உடன்படுதலால் வரும் வினை அத்தாயைக் காட்டிலும் நம்மையே மிகுதியாகச் சாரும் என்று அஞ்சுகிறேன்.

விரும்ப வேண்டியதில்லை என்பதே முதல் வினாவுக்கு என் விடை. ஆனால் அதை இழந்தவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து உபதேசிக்கும் தகுதி நமக்கு எளிதில் வருவதன்று. கொலை நடந்த வீட்டுக்குப் பதினாறாம் நாள் வரை உறவினர் வருவர். வழக்கோ பல்லாண்டுகள் நடக்கும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அக்குடும்பம் தனியே பேருந்தேறிச் செல்லும். குற்றத்தால் பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்க 2008-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வழிசெய்தது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் அதற்கு விண்ணப்பிக்கலாம். இதனை அக்குடும்பத்துக்கு எடுத்துச் சொல்வார் எவருமில்லை. எல்லோரும் கைவிட்ட நிலையில், தமக்கென உலகம் தருவதாகச் சொல்லும் ஒரே பொருள் தூக்குக் கயிறு என்றால், அவர்கள் அதையன்றி வேறு எதைப் பற்றுவார்கள்?

ஆகவே இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் ஊரிலோ அண்டை ஊரிலோ இத்துயரம் நேர்ந்தால், எச்சமயத்தவர் ஆயினும், அவர்களோடு நீதிமன்றத்துக்குச் செல்லுங்கள். விண்ணப்பத்தை எழுதிக் கொடுங்கள். பிள்ளைகளின் படிப்பை நம் அறக்கட்டளை ஏற்குமாறு கேளுங்கள். அவர்கள் சினந்து பேசினால் மறுத்துரையாமல் கேட்டிருங்கள். அபயதானமும் வித்யாதானமும் அதுவே. அவ்வாறு உடன் நின்றவரிடம் என்றேனும் ஒரு நாள் அவர்களே பொறையைப் பற்றிக் கேட்கக்கூடும். அன்று நாம் சொல்லும் சொல்லுக்கு மதிப்பிருக்கும்.

 வாழ்க ஜினதருமம்! வளர்க அஹிம்சை!