கண்ணும் கண்ணோட்டமும்

(ஸ்ரீபெரும்புதூரில் நடந்த தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில் நடுவராக இருந்து வழங்கிய தீர்ப்புரை. தலைப்பு: "செய்திப் படங்களில் அதிகம் தெரிவது நடந்த நிகழ்ச்சியா? இனப் பாகுபாடா?")

ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஷிஃப்ட் முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற தம்பி தங்கைகளே!

இரண்டு அணியும் வெளுத்து வாங்கிவிட்டார்கள். இனி நடுவர் பாடுதான் திண்டாட்டம்! 'நிகழ்ச்சியே' என்று பேசிய அணித் தலைவர் என்ன சொன்னார்? "கேமராவுக்குச் சாதி தெரியாது, மொழி தெரியாது. எதிரே இருப்பதை எடுக்கும். அவ்வளவுதான்" என்றார். உடனே எதிரணி அம்மா எழுந்தார்கள். "ஐயா, கேமராவுக்குத் தெரியாது. படத்தைப் பொறுக்கி எடுக்கிற கைக்குத் தெரியுமே!" என்றார்கள்.

நான் ஒன்று கேட்கிறேன். பெண் வீட்டுக்குப் பையன் படம் அனுப்புகிறோம். எந்தப் படம்? ஸ்டூடியோவில் கோட்டு மாட்டி, பவுடர் பூசி எடுத்த படம். ஆதார் அட்டையில் இருக்கிற படத்தை அனுப்பியிருந்தா இங்கே பாதிப் பேருக்குக் கல்யாணமே ஆகியிருக்காது! (சிரிப்பு) இரண்டும் அதே பையன்தான். இரண்டும் உண்மையான படம்தான். ஆனால் எதை எடுத்து நீட்டுகிறோம் என்பதில் நம்ம பாசம் தெரிகிறது, இல்லையா? பாசம் தெரியும் என்றால் பகையும் தெரியும். அதுதான் இன்றைய வழக்கு.

முதல் அணி ஒரு வலுவான சாட்சியை நிறுத்தியது. இதே ஊர். 1991 மே 21 இரவு. ராஜீவ் காந்தியோடு பலரும் உயிரிழந்த குண்டுவெடிப்பில், படம் எடுத்துக்கொண்டிருந்த ஹரிபாபுவும் இறந்தார். கேமரா தப்பியது. அதிலிருந்த பத்துப் படங்கள் புலனாய்வுக்கு வழிகாட்டின. மாலையோடு நின்ற பெண்ணை அந்தப் படச்சுருள்தான் காட்டிக் கொடுத்தது. படம் சாட்சி சொல்லும் என்பதை மறுக்க முடியுமா? முடியாது.

ஆனால் அதற்குப் பிறகு? படம் காட்டியது சில பேரை. ஊர் பார்த்தது ஓர் இனத்தையே! உயிருக்குப் பயந்து ராமேஸ்வரத்தில் கரையேறிய குடும்பங்களையும் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள். பேச்சில் ஈழத்து வாடை அடித்தால் வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக் கொம்பு. 1992 ஜனவரியில் அகதிகளைத் திருப்பி அனுப்பும் வேலையும் தொடங்கிவிட்டது. படத்தில் பொய் இல்லை. பார்த்த கண்ணில் கோளாறு.

இரண்டாவது அணி அமெரிக்காவுக்குப் போனது. 2005இல் கத்ரீனா புயல். நியூ ஆர்லியன்ஸ் நகரம் வெள்ளத்தில் கிடக்கிறது. மார்பளவு தண்ணீரில் சாப்பாட்டுச் சாமானோடு நடக்கிற கறுப்பின இளைஞர் ஒரு படத்தில். அதேபோல் நடக்கிற வெள்ளை நிறத்தவர் இருவர் இன்னொரு படத்தில். முதல் படத்தின் கீழே 'கொள்ளையடித்துவிட்டு' என்று எழுதினார்கள். இரண்டாவதன் கீழே 'கண்டெடுத்து' என்று எழுதினார்கள். உலகமே கொதித்தது.

கொதிப்பு சரி. ஆனால் நடுவர் நாற்காலியில் இருப்பவன் நிதானமாகப் பேச வேண்டும். இரண்டும் வெவ்வேறு செய்தி நிறுவனத்தின் படங்கள். 'அவர் கடைக்குள் போனதை எங்கள் ஆள் கண்ணால் பார்த்தார்' என்றது முதல் நிறுவனம். 'சாமான் தண்ணீரில் மிதந்து வந்தது' என்றார் இரண்டாவது படக்காரர். ஆகவே, இரண்டே படங்களை வைத்துக்கொண்டு 'இவன் இனவெறியன்' என்று தீர்ப்பெழுத முடியாது. ஒரு படம் சந்தேகத்தைக் கிளப்பும். குற்றத்தை நிரூபிக்காது.

சரி, படத்துக்குக் கீழே இருக்கிற வரிக்கு எவ்வளவு பலம்? சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையைப் பாருங்கள். கோவலன் மதுரைக்குப் பிழைக்க வந்த வெளியூர்க்காரன். காவலர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இவனைப் பார்த்தால் திருடன் மாதிரி இல்லையே" என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் விடுவானா? சிரிக்கிறான். திருடனுக்கு மந்திரம் உண்டு, மருந்து உண்டு, தந்திரம் உண்டு என்று எட்டு வகையை அடுக்குகிறான். ஒருவன் வாளை வீசிவிடுகிறான். படம் கோவலன். படத்துக்குக் கீழே இருக்கிற வரி பொற்கொல்லன்! (கைதட்டல்)

2023 மார்ச்சில் அந்தப் பொற்கொல்லன் மறுபடி வந்தான். 'தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள்' என்று வடக்கே வீடியோக்கள் பரவின. நம் காவல்துறை விசாரித்துச் சொன்னது: ஒன்று, கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல். மற்றொன்று, திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல். அடி உண்மை. 'தமிழன் அடிக்கிறான்' என்ற வரி பொய். நமக்குச் சுருக்கென்று தைத்தது. நியாயமான கோபம்! அதே கோபம், ஒருவன் செய்த திருட்டுக்கு 'வடமாநிலக் கொள்ளையர்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பைப் பார்க்கும்போதும் வரவேண்டாமா?

இந்தச் சாலையையே பாருங்கள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான். பீகார், ஒடிசா, அசாம் என்று எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வந்து, ஓர் அறையில் பல பேராகத் தங்கி உழைக்கிறார்கள். அந்தப் பிள்ளை ராத்திரியெல்லாம் வெல்டிங் வைத்தால் படம் இல்லை. சம்பளத்தில் பாதியை அம்மாவுக்கு அனுப்பினால் படம் இல்லை. அவன் ஊர்க்காரன் ஒருத்தன் திருடினால் மட்டும் கலர் படமா? அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரம்மா, "தம்பி, அடுத்த மாசம் ரூமைக் காலி பண்ணிடுப்பா" என்றால், தண்டனை யாருக்கு? 1960களில் பம்பாயில் 'மதராஸிகளே, வெளியேறுங்கள்' என்று சிவசேனா கிளம்பியபோது அந்த இடத்தில் நின்றது நாம்தான். மறந்துவிடக் கூடாது.

அதனால் பேப்பர் படிக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று: முகத்தை மாற்றிப் பாருங்கள். நம்ம தெருப் பையன் இதையே செய்திருந்தால், இதே படம், இதே வரி வந்திருக்குமா? இரண்டு: எதை வெட்டினார்கள்? 2020 ஜனவரியில் டாவோஸ் நகரில் சுற்றுச்சூழலுக்காகப் போராடிய ஐந்து இளம்பெண்கள் சேர்ந்து நின்றார்கள். வெளியான படத்தில் நால்வர்தான். வெட்டப்பட்டவர் உகாண்டாவின் வனெசா நக்காடே. ஐவரில் ஒரே கறுப்பினப் பெண். 'பின்னால் கட்டடம் இடித்தது' என்றார்கள். பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். மூன்று: ஒரு நாள் பேப்பர் போதாது. எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு மாதப் பேப்பரைத் திண்ணையில் விரியுங்கள். எந்த முகம் பரிசு வாங்குகிறது? எந்த முகம் விலங்கு மாட்டியிருக்கிறது? ஒரு படம் மறைப்பதை முப்பது நாள் படம் சொல்லிவிடும்.

திருக்குறளில் 58ஆவது அதிகாரம் 'கண்ணோட்டம்'. இன்றைக்கு அந்தச் சொல்லுக்குப் பார்க்கிற கோணம் என்று பொருள் சொல்கிறோம். வள்ளுவருக்கு அது இரக்கம். பார்த்த கண் கனிவது. கோணம் மட்டும் மிஞ்சி, கனிவு போய்விட்டால் அங்கேதான் பாகுபாடு குடியேறுகிறது.

ஆகவே, எடுக்கும்போது படம் நிகழ்ச்சியைக் காட்டுகிறது. பொறுக்கும்போதும், வெட்டும்போதும், கீழே வரி எழுதும்போதும் பாகுபாடே அதிகம் தெரிகிறது என்று தீர்ப்பளிக்கிறேன். ஆனால் ஒற்றைப் படத்தை வைத்து யாரையும் குற்றவாளி ஆக்காதீர்கள். படத்தில் இருப்பவரையும் சரி, படம் எடுத்தவரையும் சரி! எல்லோருக்கும் பொது என்று கோபுரம் ஏறி மந்திரம் சொன்ன ராமானுஜர் பிறந்த மண்ணில் இதைச் சொல்லி அமர்கிறேன்.