தொழில் வளர்த்த ஊர்களும் ஊர் வளர்த்த கட்டடங்களும்



இந்த அவையின் தலைமைப் பொறுப்பை எனக்கு அளித்தமைக்காக மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். சரித்திர ஆராய்ச்சிக்கென்று கூடும் அவைகளில் கோயிலும் கோட்டையும் அரண்மனையும் பேசப்படுவதே நெடுநாளைய வழக்கம். அந்த வழக்கத்தை மீறி, பஞ்சுக்கிட்டங்கிக்கும் வண்டிப்பேட்டைக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கும் சரித்திரம் உண்டு என்று துணிந்து, சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் வேர்விட்ட ஒரு தொழிற் சமுதாயத்தின் கட்டடங்களையே விஷயமாக எடுத்துக்கொண்டு நீங்கள் கூடியிருப்பது பாராட்டத்தக்கது. விருதுநகர்ப் பகுதி ராஜ்யங்களின் தலைநகரமாக விளங்கியதன்று; வற்றாத நதி பாயும் வளமும் இதற்கு வாய்க்கவில்லை. ஆகவே, இங்கே எழுந்த கட்டடம் ஒவ்வொன்றும் மக்கள் தம் உழைப்பினால் ஈட்டியதைக் கொண்டு எழுப்பியது என்பதை முதலிலேயே நினைவில் கொள்ள வேண்டும்.

மழையை நம்பிய கரிசல் பூமிக்குப் பருத்தியே செல்வம். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்த உள்நாட்டுப் போரினால் அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த பஞ்சு தடைப்பட்டபோது, லங்காஷயர் ஆலைகளின் பார்வை இந்தியப் பருத்தியின் மேல் விழுந்தது. திருநெல்வேலிப் பருத்தி என்று அந்நாட்டுச் சந்தையில் பெயர் பெற்ற சரக்கு தூத்துக்குடித் துறைமுகத்தை நோக்கி மாட்டு வண்டிகளில் நகர்ந்தது. 1876-ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் பாதை திறக்கப்பட்டு, அன்று விருதுபட்டி என்று வழங்கிய விருதுநகரும் சாத்தூரும் அப்பாதையின் நிலையங்களாக ஆனபின், பஞ்சு அரைக்கும் ஆலைகளும் பொதி அழுத்தும் ஆலைகளும் ரயிலடியை ஒட்டி ஒவ்வொன்றாகத் தோன்றின. கிராமங்களிலிருந்து வண்டிகளில் வந்த பருத்தி கொட்டை நீங்கி, பொதியாக அழுத்தப்பட்டு, வாகனில் ஏறிய அந்தச் சிறிய வட்டாரமே இந்த மாவட்டத்தின் இயந்திரத் தொழிலுக்குப் பிறப்பிடம்.

ஆயினும் இயந்திரம் வருவதற்கு முன்பே இங்கே ஒரு கட்டட மரபு இருந்தது. அதுதான் பேட்டை. சிவகாசி, விருதுபட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம் என்னும் ஊர்களில், கள்வர் பயம் மிகுந்த பாதைகளைக் கடந்து சரக்கு கொண்டுவந்த வணிகர்கள் இரவில் தங்குவதற்கென்று நாடார் சமூகத்தின் ஊர்ச்சங்கமாகிய உறவின்முறையார் அமைத்த பேட்டைகள், வண்டியும் நுழையும் அகன்ற வாயிலும், ஆள் ஏற முடியாத மதிலும், உள்ளே மாடுகளுக்குத் தண்ணீர் காட்டக் கிணறும், மூட்டைகளை நனையாமல் இறக்கி வைக்கத் தாழ்வாரமும், நடுவில் வண்டிகளை அவிழ்த்துப் போடத் திறந்த வெளியும் கொண்டவை. அலங்காரமென்று சொல்லத்தக்க வேலைப்பாடு அவற்றில் அதிகமில்லை. ஆனால் இடத்தின் ஒவ்வொரு பகுதியும் ஒரு தேவைக்கு விடையாக அமைந்திருக்கும் அந்த ஒழுங்கைக் கூர்ந்து நோக்குவோருக்கு, கட்டியவர்களின் புத்தி நுட்பம் மதிலிலும் வாயிலிலும் எழுதியிருப்பது தெரியும். அப்பேட்டைகளில் இறங்கிய சரக்கின் மேல் வணிகர்கள் தாமே விதித்துக்கொண்ட சிறு தொகையே மகமை. அம்மகமைப் பணமே பின்னர்க் கோயிலாகவும் கிணறாகவும் பள்ளிக்கூடமாகவும் உருமாறிற்று.

தொழிற்சாலைச் சமுதாயம் என்றவுடன் அறிஞர்கள் இங்கிலாந்தின் யார்க்ஷயரிலுள்ள சால்டேர் கிராமத்தை நினைப்பது இயல்பு. டைட்டஸ் சால்ட் என்னும் முதலாளி, 1853-இல் திறந்த தம் கம்பளி ஆலையைச் சுற்றித் தொழிலாளர் வீடுகளையும் தேவாலயத்தையும் பள்ளியையும் மருத்துவ மனையையும் தம் செலவிலேயே கட்டி, மதுக்கடை மட்டும் கூடாதென்று விதித்த அந்த ஊர், 2001-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. நமக்கு அண்மையிலேயே, பாபநாசத்து நீர்வீழ்ச்சியின் வேகத்தை நம்பி ஹார்வி சகோதரர்கள் 1880-களில் நிறுவிய நூற்பாலையும், அதனைச் சார்ந்து வளர்ந்த விக்கிரமசிங்கபுரமும் அவ்வகையைச் சேர்ந்தவையே. தூத்துக்குடியில் அவர்கள் 1888-இல் தொடங்கிய கோரல் மில், 1908-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் துணைநின்ற வேலைநிறுத்தத்தினால் தேச சரித்திரத்தில் இடம்பெற்றது. சால்டேர் போன்ற இடங்களில் முதலில் ஆலை எழுந்தது. ஆலையை நிறுவியவர் பின்னர் ஊரை அமைத்தார். விருதுநகர்ப் பகுதியிலோ இந்த முறை தலைகீழானது. இங்கே ஊர் முதலில் தன்னைத் தானே கட்டிக்கொண்டது. பேட்டையும் கோயிலும் நின்று நிலைத்த பிறகே ஆலை வந்தது. ஒரு முதலாளியின் தயாள குணத்துக்குச் சாட்சியாக நில்லாமல், ஓர் ஊரின் பொதுப் பணத்துக்குச் சாட்சியாக நிற்பவை நம் கட்டடங்கள் என்பதே இன்று நான் சொல்ல விரும்பும் முக்கியமான கருத்து.

இதற்குச் சிறந்த உதாரணம் 1889-இல் விருதுநகரில் நிறுவப்பட்ட க்ஷத்திரிய வித்தியாசாலை. இல்லந்தோறும் பெண்மக்கள் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே கலயத்தில் இட்டு வைக்க, அதனைத் திரட்டி விற்ற பணத்தைக் கொண்டு பள்ளியை நடத்திய பிடியரிசித் திட்டம் இவ்வூரார் பெருமையுடன் சொல்லும் விஷயம். 1903-இல் இவ்வூரிற் பிறந்த காமராஜர் அப்பள்ளியிலே பயின்றவர். வறுமையினால் படிப்பை இடையில் விட்டவர். பின்னர் மாநிலத்தின் முதலமைச்சராக இருந்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் மதிய உணவளிக்கும் திட்டத்தை மாநிலமெங்கும் பரவச் செய்தவர். ஊரார் தந்த ஒரு பிடி அரிசிக்கும் அரசாங்கம் தந்த ஒரு வேளைச் சோற்றுக்கும் இடையே உள்ள தொடர்பை உணர்ந்த பின், அந்தப் பள்ளிக்கூடத்தின் சுவரை வெறும் செங்கல்லும் சுண்ணாம்புமாக யார்தாம் நோக்க முடியும்?

இவற்றோடு, 1956-இல் தியாகி சங்கரலிங்கனார் உண்ணாநோன்பிருந்த தேசபந்து மைதானத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். 1923-இல் விருதுபட்டி என்னும் பெயரை விருதுநகர் என்று மாற்றிக்கொண்ட இந்த ஊரிலிருந்தே, மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வேண்டுமென்னும் கோரிக்கைக்காக ஒருவர் உயிரையும் கொடுத்தார் என்பது சிந்திக்கத்தக்கது. கட்டடமே இல்லாத வெற்றிடமும் நினைவுச்சின்னமாகலாம் என்பதற்கு அந்த மைதானமே சான்று.

சரித்திரத்தை எழுதுவோர் மகிழ்ச்சிக்குரியதை மட்டும் எழுதினால் அது துதியாக முடியும். கோயில் நுழைவு உரிமை காரணமாக மூண்ட பகையினால் 1899 ஜூன் மாதத்தில் சிவகாசி சூறையாடப்பட்டது, வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாண்டன. பேட்டையின் மதில் ஏன் அத்தனை உயரம் என்னும் கேள்விக்கு விடை கள்வர் பயத்தில் மட்டுமின்றி, சாதி வேற்றுமையின் கொடுமையிலும் இருக்கிறது. பொதுப் பணத்தினால் எழுந்த கட்டடம் என்று நாம் போற்றும்போதே, அந்தப் பொதுவுக்குள் யார் இருந்தார், யார் வெளியே நின்றார் என்பதையும் கேட்டாக வேண்டும். நன்கொடையாளர் பெயர் பொறித்த கல் எங்கும் உண்டு. கல் சுமந்தவர், கிணறு தோண்டியவர், பொதி தூக்கியவர் பெயர் பொறித்த கல் எங்கே இருக்கிறது?

இனிச் சிவகாசிக்கு வருவோம். 1922-இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து, 1923-இல் சிவகாசியில் அதைத் தொடங்கினர். சுவீடன் நாட்டுக் கம்பெனியின் முதலீட்டில் விம்கோ நிறுவனம் இந்தியாவில் தோன்றியதும் அதே ஆண்டில்தான். பெரும் இயந்திரத்தை எதிர்த்துச் சிவகாசி கையினால் போட்டியிட்டது. 1934-இல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி விதிக்கப்பட்டு, காலப்போக்கில் சிறிய ஆலைகளுக்கு வரிச்சலுகையும் அமைந்தபின், ஒரே கூரையின் கீழ்ப் பெரிய ஆலை கட்டுவதைக் காட்டிலும் பல சிறு கொட்டகைகளாகப் பிரிந்து நிற்பதே லாபகரமாயிற்று. மரச்சட்டத்தில் குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டன. பெண்களும், சொல்லவே மனம் கூசுகிறது, பள்ளிக்குப் போக வேண்டிய குழந்தைகளும் அத்திண்ணையில் அமர்ந்து வேலை செய்தனர். வானளாவிய புகைபோக்கி எதுவுமின்றி ஒரு பெரும் தொழில் வளர்ந்த அதிசயத்துக்குக் காரணம் இதுவே. ஆகையால் சிவகாசியின் தொழிற் கட்டடக் கலையை ஆராயப் புகுவோர், ஆலையோடு நின்றுவிடாமல் கிராமத்துத் திண்ணையையும் அளந்து வரைய வேண்டும்.

சிவகாசியின் மற்றொரு தொழிலான பட்டாசின் கொட்டகையோ தனி இலக்கணம் உடையது. வெடிமருந்துச் சட்டம் இந்தியாவில் இயற்றப்பட்டது 1884-இல். அதன் கீழ் 1940-இல் விரிவான விதிகள் வகுக்கப்பட்டன. கொட்டகைக்கும் கொட்டகைக்கும் இடையே விட வேண்டிய தூரம், ஓர் அறைக்குள் இருக்கத்தக்க ஆட்களின் எண்ணிக்கை, அறைக்குள் வைக்கத்தக்க மருந்தின் அளவு, தள்ளியவுடன் வெளிப்புறமாகத் திறக்கும் கதவு, பொறி எழாதபடி இரும்பை விலக்கிய தரை ஆகிய யாவும் விதிகளுக்கு உட்பட்டவை. வெயில் ஏறுமுன் மருந்து கலக்கும் வேலை முடிந்துவிட வேண்டும். திரி வைத்துக் கட்டிய வெடிகள் மேடையில் காய வேண்டும். வேப்ப மரங்களுக்கு இடையே எட்ட எட்ட நிற்கும் அந்த ஒற்றை அறைகளைக் கண்டால், அழகுக்காகவோ ஆடம்பரத்துக்காகவோ அன்றி, ஓர் அறையில் நேர்ந்த ஆபத்து அடுத்த அறைக்குத் தாவாதிருக்கும் பொருட்டே ஒரு கட்டட முறை உருவாயிற்று என்பது விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டம் ஒன்றே இங்கே சிற்பியாக நின்று கட்டடத்தை வரைந்திருக்கிறது. அச்சட்டத்தின் எழுத்தை மீறி ஆட்களையும் மருந்தையும் நெருக்கிய இடங்களில் என்ன நேர்ந்தது என்பதை, 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட கோர விபத்து நாடறியச் சொல்லிற்று. அத்தகைய இடங்களில் மாண்டவர்க்கு ஒரு நினைவுக்கல்லேனும் இல்லாமற் போவது, எழுந்த மாளிகைகள் இடிந்து போவதைக் காட்டிலும் பெரிய குறை.

சுவீடன் தேசத்தில் யோன்ஷோப்பிங் என்னும் ஊரில், வெட்டர்ன் ஏரியின் தென்கரையில், லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிறுவிய தீக்குச்சி ஆலையின் பழைய கட்டடம் இடிபடாமல் காக்கப்பட்டு, இன்று தீக்குச்சிக் காட்சிசாலையாக விளங்குகிறது. லண்டனில், பின்னாளில் அடையாற்றைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்ட அன்னி பெசன்ட் அம்மையார், வெண்பாஸ்வரத்தின் நஞ்சினால் தாடை எலும்பு அரித்த தீக்குச்சித் தொழிலாளிப் பெண்களுக்காக 1888-இல் குரல் கொடுத்த பிரையண்ட் மே ஆலையின் பழைய கட்டடங்கள், குடியிருப்பாக மாறியபோதிலும் இன்றும் நிற்கின்றன. உலகத்தின் தீப்பெட்டி வரலாற்றில் இவ்விரு ஊர்களுக்கும் குறையாத இடம் சிவகாசிக்கு உண்டு. ஆனால் அவ்வரலாற்றைக் கண்ணாற் காட்டும் பொதுக்காட்சிசாலை ஒன்று நம்மிடையே அமைய வேண்டாமா? குச்சி அடுக்கும் சட்டங்கள், பெட்டி ஒட்டும் பலகைகள், லேபிள் அச்சிட்ட கற்கள் ஆகியவை பழைய இரும்புக் கடைக்குப் போகுமுன் சேகரிக்கப்பட வேண்டியவை.

காலமும் நமக்குச் சாதகமாக உள்ளது. 1958-ஆம் ஆண்டின் மத்தியத் தொல்பொருட் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத கட்டடத்தையே தொன்மைச் சின்னமாகக் கருதுகிறது. ரயிலடியைச் சார்ந்த பஞ்சாலைகளும் க்ஷத்திரிய வித்தியாசாலையும் அந்த வரம்பை எப்போதோ கடந்துவிட்டன. 1923-இல் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலின் முதற் கட்டடங்களும் இன்று அந்த வரம்பை எட்டிவிட்டன. எனினும் கோபுரமும் தூணும் கண்ட கண்களுக்கு நாட்டு ஓடு வேய்ந்த கிட்டங்கி சின்னமாகத் தோன்றுவதில்லை. நகர வீதிகளை அகலப்படுத்தவும் புதிய வணிக மாளிகை எழுப்பவும் முதலில் இடிபடுவது அந்தக் கிட்டங்கியே.

ஆகவே, இந்த அவையின் முன் மூன்று விண்ணப்பங்களைப் பணிவுடன் வைக்கிறேன். ஆராய்ச்சியாளர்களே, கட்டுரைகளோடு நிற்காமல், விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களிலுள்ள பேட்டை, கிட்டங்கி, பஞ்சாலை, பள்ளி, தீப்பெட்டி ஆபீஸ், பழைய பட்டாசுக் கொட்டகை ஆகியவற்றை ஒன்றும் விடாமல் அளந்து, வரைந்து, படம் எடுத்து, அங்கே உழைத்தோரின் வாய்மொழியோடு ஓர் அட்டவணை தயாரியுங்கள். உறவின்முறையாரே, ஆலை உரிமையாளர்களே, உங்கள் பெட்டிகளில் உறங்கும் மகமைக் கணக்கு ஏடுகளையும் பேரேடுகளையும் பூச்சிக்கு இரையாக்காமல் ஆய்வாளர்களுக்குத் திறந்து காட்டுங்கள். அரசாங்கத்தாரே, சிவகாசியில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்களுக்கான காட்சிசாலை ஒன்றை நிறுவி, அதன் முகப்பிலேயே விபத்துகளில் மாண்ட தொழிலாளர் பெயர்களைப் பொறியுங்கள்.

இம்மூன்றும் கைகூடினால், அடுத்த தலைமுறையினர் தம் ஊரின் சரித்திரத்தை அரசர்களின் கல்வெட்டுகளில் மட்டும் தேட வேண்டியிராது. தம் பாட்டிமார் அளந்து வைத்த ஒரு பிடி அரிசியும், தம் பாட்டனார் தலைச்சுமையாகக் கொண்டுவந்த பொதியும், தம் தாயார் அடுக்கிய குச்சியும் எந்தச் சுவருக்கு அடித்தளமாயின என்பதை அவர்கள் நேரிலே கண்டறிவர். அத்தகைய அறிவு பெற்ற ஊர் தன் கட்டடங்களைத் தானே காத்துக்கொள்ளும். இந்நன்னோக்கம் நிறைவேற உங்கள் அனைவரின் ஒத்துழைப்பையும் வேண்டி, இக்கருத்தரங்கத்தைத் தொடங்கி வைக்கிறேன்.