மீந்த பிரெட் யார் தட்டுக்கு?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. குழுக் கூட்டத்தில் தீர்மானம் வாசித்துத்தான் பழக்கம். "என்ன தலைப்பும்மா?" என்று கேட்டார்கள். "மீந்த பிரெட்" என்றேன். சிரித்தார்கள். நீங்களும் சிரிக்கிறீங்க. பரவாயில்லை. ஆனால் எங்கள் குடும்பம் ஆறு மாசம் தலை நிமிர்ந்து ஓடினதில் அந்த பிரெட்டுக்கும் பங்கு உண்டு.

2019-ல் என் வீட்டுக்காரருக்குக் காசநோய் என்று தெரிந்தது. அவர் பெயிண்ட் வேலை செய்பவர். சானடோரியம் ஆஸ்பத்திரியில் மூணு வாரம் படுக்கையில் இருந்தார். 1928-ல் டாக்டர் சவுரிமுத்து என்பவர் காசநோயாளிகளுக்காகவே ஆரம்பித்த இடம் அது. அதை வைத்துத்தான் நம் ரயில்வே ஸ்டேஷனுக்கே சானடோரியம் என்று பேர் வந்தது. மாத்திரை இலவசம். சத்தான சாப்பாட்டுக்கு என்று மாசம் 500 ரூபாய் அப்போது அரசாங்கம் வங்கிக் கணக்கில் போட்டது. ஆனால் கூலி நின்றுபோச்சு. குழுவில் 10,000 ரூபாய் உள்கடன் வாங்கினேன். தவணையும் கட்டணும், மாசச் சந்தா 200 ரூபாயும் கட்டணும்.

நம்ம ஊரில் நோயாளியைப் பார்க்கப் போனால் கையில் என்ன கொண்டு போவோம்? நாலு ஆரஞ்சு, ஒரு பிரெட் பாக்கெட். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதையே கொண்டு வந்தார்கள். அவர் பாலில் நனைத்து ரெண்டு ஸ்லைஸ் சாப்பிட்டால் அதிகம். மீதியெல்லாம் கூடையில் வீட்டுக்கு வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தேன், 5 பாக்கெட் இருந்தது. பிள்ளைகளிடம் கொடுத்தால், "எங்களுக்கு என்ன காய்ச்சலாம்மா?" என்று தள்ளிவிட்டார்கள். காய்ச்சல் வந்தால் மட்டும் பிரெட் வாங்கும் வீட்டில் பிள்ளை வேறென்ன கேட்கும்?

அப்போ அதைச் சாப்பிட்டது யார்? என் மாமியார். காய்ந்த ஸ்லைஸை டீயில் தொட்டுத் தொட்டு மூணு வேளையும் சாப்பிட்டார். "சோத்தைப் பிள்ளைங்களுக்கு வை, எனக்கு இது போதும்" என்பார். நானும் விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

ஐப்பசி மழை நேரம். ஒரு பாக்கெட்டில் பச்சையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. அந்த இடத்தை மட்டும் கிள்ளிப் போட்டுவிட்டு, எனக்குத் தெரியாமல் மீதியை அவர் சாப்பிட்டிருக்கிறார். ராத்திரி முழுக்க வாந்தி, பேதி. ஆட்டோ, டாக்டர், குளுக்கோஸ் என்று 900 ரூபாய் செலவு. காப்பாற்றப் பார்த்த பிரெட் 30 ரூபாய். டாக்டர் என்னிடம் சொன்னார்: "மேலே தெரியுறது பூ மாதிரிம்மா. வேர் உள்ளே ஓடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஒரு ஸ்லைஸில் பூஞ்சை வந்தா அந்தப் பாக்கெட்டே போச்சுன்னு வெச்சுக்கோங்க."

அன்றைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். வீணாக்கக் கூடாது, சரி. ஆனால் வீணாகப் போவதை எல்லாம் ஒரு பொம்பளை வயிற்றில் போட்டு மூடுவதற்குப் பேர் சிக்கனமா? நம் வீடுகளில் அடிப்பிடித்த சோறு, ஆறின இட்லி, நேற்றைய குழம்பு எல்லாம் யார் தட்டுக்கு வருது? கையைத் தூக்கச் சொல்ல மாட்டேன். எல்லார் கையும் தூக்கும்.

அன்று ரெண்டு முடிவு எடுத்தேன். ஒண்ணு, பிரெட் கெடும் முன்னால் சமைப்பது. ரெண்டு, சமைத்ததை எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவது. "காசநோய் தட்டாலும் டம்ளராலும் பரவாதும்மா, இருமும்போது காத்துல பரவுறது" என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். அதனால் அவர் வீட்டுக்கு வந்த பிறகும் தட்டைத் தனியாக ஒதுக்கி வைக்கவில்லை.

இப்போ சமையலுக்கு வருகிறேன். எழுதிக்கொள்பவர்கள் எழுதிக்கலாம்.

பிரெட் காய்வது வேறு, கெடுவது வேறு. காய்ந்த பிரெட் கெட்டது இல்லை. ஃபிரிட்ஜில் வைத்த சோறு விறைத்துப் போகுதே, அதே கதைதான். மாவுச்சத்து இறுகிவிடுகிறது. சூடு காட்டினால் திரும்ப இளகும். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் பூஞ்சை தள்ளிப்போகும், ஆனால் வெளியில் இருப்பதைவிடச் சீக்கிரம் விறைக்கும். ரொம்ப நாள் வைக்கணும் என்றால் மேலே ஃப்ரீசரில் வையுங்க.

முதலில் உப்புமா. 8 ஸ்லைஸைச் சின்னத் துண்டாகப் பிய்த்து, எண்ணெய் விடாமல் கடாயில் மொறுமொறுப்பாகப் புரட்டி எடுத்துவையுங்க. பிறகு கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, பச்சை மிளகாய், ரெண்டு வெங்காயம், ஒரு தக்காளி, மஞ்சள்தூள். பிரெட்டிலேயே உப்பு இருக்கு, கொஞ்சமாகப் போடுங்க. தக்காளி குழைந்ததும் பிரெட்டைப் போட்டுக் கிளறி, ஒரு கை தண்ணீர் தெளித்து இறக்கணும். தண்ணீரை ஊற்றினால் களியாகிவிடும். எங்கள் வீட்டில் ரெண்டு முட்டை உடைத்து ஊற்றிக் கொத்துவேன். கொத்து பரோட்டா மாதிரி இருக்கும். நோயாளிக்கும் புரதம் சேரும்.

அடுத்தது பிரெட் தூள். பாக்கெட்டின் ரெண்டு முனைத் துண்டையும் ஓரத்தையும் யாரும் தொடமாட்டார்கள். அதையெல்லாம் வடகம் காயவைப்பது மாதிரி மாடியில் ரெண்டு நாள் காயவைத்து மிக்சியில் ஒரு சுற்று. மழைக்காலத்தில் தோசைக்கல்லில் சிறு தீயில் வறுக்கலாம். ஈரம் இல்லாத டப்பாவில் வைத்தால் ஒரு மாசம் வரும். உருளைக்கிழங்கு கட்லெட் புரட்ட, குருமா நீர்த்துப்போனால் ஒரு ஸ்பூன் போட்டுக் கெட்டியாக்க, வடை மாவில் தண்ணீர் அதிகமானால் சரிக்கட்ட, எல்லாத்துக்கும் உதவும்.

மூணாவது அல்வா. நம் பக்கம் பாய் வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணியோடு பிரெட் அல்வா வைப்பார்களே, அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கள் குழு அக்கா ஒருவர்தான். 6 ஸ்லைஸை நெய்யில் சிவக்க வறுத்து, ஒண்ணரை டம்ளர் சூடான பால் விட்டு மசித்து, அரை டம்ளர் சர்க்கரை, ஏலக்காய் சேர்த்துச் சுருளக் கிளறினால் முடிந்தது. ஹைதராபாத்தில் இதே பிரெட்டை டபுள் ரொட்டி என்பார்கள். அதில் செய்யும் டபுள் கா மீட்டா அங்கே கல்யாண விருந்துப் பலகாரம். நாம் காய்ச்சல் சாப்பாடு என்று ஒதுக்குவதை அவர்கள் விருந்தில் வைக்கிறார்கள்.

வாரம் ரெண்டு ராத்திரி பிரெட் டிபன் என்று வைத்தேன். அந்த ரெண்டு நாள் மாவு பாக்கெட் வாங்கவில்லை. வாரம் 70 ரூபாய், மாசம் 280 ரூபாய். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஆறு மாசத்தில் ஒரு மாசம்கூட என் சந்தா நிற்கவில்லை. தமிழில் மிச்சம் என்றால் மீந்தது என்றும் சொல்வோம், சேமிப்பு என்றும் சொல்வோம். எனக்கு அது ஒரே பொருளாகத்தான் புரிந்தது.

டிபன் கடை போடும் தோழிகளுக்கு ஒரு வார்த்தை. வீட்டு மிச்சம் வீட்டுக்குத்தான். விற்கிற கட்லெட்டுக்குத் தேதி பார்த்துப் புது பாக்கெட் வாங்குங்க. ஒருத்தர் வயிறு கெட்டால் நம்ம குழு பேரும் கெட்டுப்போகும்.

என் வீட்டுக்காரர் குணமாகி வேலைக்குப் போகிறார். கடன் அடைந்தது. என் மாமியார் மூணாவது வரிசையில் உட்கார்ந்து, வீட்டுக் கதையை மைக்கில் சொல்கிறாளே என்று முறைக்கிறார். அத்தை, கோவிச்சுக்காதீங்க. இன்னிக்கு ராத்திரியும் உப்புமாதான், முதல் தட்டு உங்களுக்குத்தான்.