நம்ம வீட்டு வேலையை நாமும் செய்யலாம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கம் இல்லை. நான் பத்தாம் வகுப்பு படிச்சவள். மாடு வாங்கினவங்க, தையல் கடை வச்சவங்க எல்லாம் இங்கே பேசினாங்க. என்னைத் தலைவி அக்கா கூப்பிட்டு, "உன் வீட்டுத் தளம் ஒழுகினதை நீயே அடைச்சியே, அதைப் பேசு"ன்னு சொன்னாங்க. இதுல பேச என்ன இருக்குன்னுதான் முதல்ல நினைச்சேன். ஆனா அதுக்குப் பிறகு பதினோரு வீட்டுல நம்ம பெண்களே இந்த வேலையைச் செஞ்சிருக்காங்க. அதனால சொல்லலாம்னு வந்தேன்.

எங்க வீடு என் மாமனார் காலத்துல கிடைச்ச தொகுப்பு வீடு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில கஜா புயல் வந்ததை நம்ம பக்கத்துல யாரும் மறந்திருக்க மாட்டீங்க. அன்னிக்கு எங்க கொல்லைத் தென்னை ஒண்ணு சாய்ஞ்சு மாடிக் கைப்பிடிச்சுவர் மேல விழுந்துச்சு. சுவர் ஒரு பக்கம் உடைஞ்சு, தளத்துல குறுக்கே ஒரு விரிசல் விட்டுப் போச்சு. கூரை வீட்டுக்காரங்க எல்லாத்தையும் இழந்து நின்ன நேரத்துல, நம்ம வீடு நிக்குதே அது போதும்னு நாங்க விட்டுட்டோம். விட்டதுதான் தப்பு.

அடுத்த ஐப்பசியில சொட்ட ஆரம்பிச்சுது. முதல்ல ஒரு கிண்ணம் வச்சோம். அப்புறம் குண்டான். மூணாவது வருஷம் எங்க அத்தை படுக்கிற கட்டிலையே இடம் மாத்த வேண்டியதாச்சு. என் வீட்டுக்காரர் திருப்பூர்ல வேலை. "நான் வந்து பார்க்கிறேன்"னு சொல்வார். வருவார், ரெண்டு நாள் இருப்பார், போயிடுவார். அவர் மேல குத்தம் இல்லை, லீவு அவ்வளவுதான்.

ஒரு கொத்தனார் வந்து பார்த்துட்டு 14,000 ரூபாய் ஆகும்னு சொன்னார். மூவாயிரம் முன்பணம் கொடுத்தேன். இன்னிக்கு வர்றேன், நாளைக்கு வர்றேன்னு சொல்லிச் சொல்லி மழையே வந்துடுச்சு. அவர் வரலை.

அந்த மழையில ஒரு ராத்திரி பரண்ல இருந்த தகரப் பெட்டிக்குள்ள தண்ணி இறங்கிடுச்சு. காலையில திறந்து பார்த்தா என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் ஊறிக் கிடக்கு. 500-க்கு 412 எடுத்திருந்தேன். மேல படிக்க வைக்கலை, அது வேற கதை. ஆனா அந்தக் காகிதம் எனக்கு ஒரு சொத்து. அடுப்புப் பக்கத்துல வச்சுக் காய வச்சேன். மை கலைஞ்சு போச்சு, கணக்கு மார்க் மட்டும்தான் தெரியுது. அப்போ என் பொண்ணு ஏழாவது படிச்சா. "அம்மா, என் சர்ட்டிபிகேட்டை எங்கேம்மா வைப்பே?"ன்னு கேட்டா. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

கோபத்துல நானே ஒரு வேலை செஞ்சேன். அரை மூட்டை சிமெண்டைக் குழைச்சு விரிசல் மேலேயே தடிமனா அப்பி விட்டேன். பார்க்க நல்லா இருந்துச்சு. சித்திரை வெயில்ல அது அப்பளம் மாதிரி எழும்பி நின்னுச்சு. ஒரே கோடை மழையில பேத்துக்கிட்டு வந்துடுச்சு. காசும் போச்சு. அத்தை, "பொம்பளைக்கு எதுக்குடி இந்த வேலை"ன்னு சொல்லிட்டாங்க.

அந்த வாரம் குழுக் கூட்டத்துல 2,000 ரூபாய் உள்கடன் கேட்டேன். வீட்டு ரிப்பேருக்குன்னு சொன்னதும் பேச்சு வந்துச்சு. ஒரு உறுப்பினர் எழுந்து, "வருமானம் வராத வேலைக்குக் கடன் கொடுத்தா எப்படித் திரும்பும்? ஏற்கெனவே ஒரு தடவை வீணாக்கினவள்தானே"ன்னு கேட்டாங்க. என் முகம் செத்துப் போச்சு. ஆனா அவங்க கேட்டதும் நியாயம்தான், அது எல்லாருடைய சேமிப்புப் பணம்.

அப்போதான் எங்க குழுப் பெரியக்கா பேசினாங்க. இருபது வருஷமா சித்தாள் வேலைக்குப் போறவங்க. கூட்டத்துல கைநாட்டு வச்சுட்டு சும்மா உட்கார்ந்திருப்பாங்க. அன்னிக்குச் சொன்னாங்க: "கலவை போடறது நான், தூக்கிக் கொடுக்கறது நான், தண்ணி அடிக்கறது நான். கரண்டி மட்டும்தான் என் கையில இல்லை. நான் கூட வர்றேன், கடனைக் கொடுங்க."

தீர்மான நோட்டுல எழுதிக் கடன் கொடுத்தாங்க. சகோதரிகளே, எங்க குழுவுலயே இவ்வளவு வேலை தெரிஞ்ச ஒருத்தர் உட்கார்ந்திருந்தாங்க. நான் வெளியாளுக்கு மூவாயிரம் கொடுத்துட்டு மூணு மாசம் காத்துக்கிட்டு இருந்தேன்.

என்ன செஞ்சோம்னு ஒவ்வொண்ணா சொல்றேன். வீட்டுல தளம் ஒழுகறவங்க கவனமாக் கேளுங்க.

முதல்ல விரிசல் எங்கே இருக்குன்னு சரியாக் கண்டுபிடிக்கணும். கீழே சொட்டுற இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டைன்னு நினைக்கக் கூடாது. தண்ணி ஒரு பக்கம் இறங்கி வேற பக்கம் சொட்டும். மழை விட்டு வெயில் வந்ததும் மாடி ஏறிப் பாருங்க. தளம் எல்லாம் காய்ஞ்ச பிறகும் விரிசல் ஓரம் மட்டும் கறுப்பா ஈரம் நிக்கும். அதைக் கரிக்கட்டியால கோடு போட்டு வச்சுக்கணும்.

ரெண்டாவது, கம்பி பிரஷ் போட்டுப் பாசி, மண் எல்லாத்தையும் தேய்ச்சு எடுக்கணும். பிறகு உளியை வச்சு மெதுவாத் தட்டி விரிசலை அரை அங்குல ஆழத்துக்கு வாய் திறந்து விடணும். நான் முதல்ல செய்யாம விட்டது இதைத்தான். அழுக்கு மேல அப்பினா சிமெண்ட் பிடிக்காது. ஓங்கியும் அடிக்கக் கூடாது, கம்பி வரைக்கும் போகக் கூடாது.

மூணாவது, தூசியைக் கழுவி, முதல் நாளே தண்ணி விட்டு ஊற வைக்கணும். காய்ஞ்ச தளம் கலவையில உள்ள தண்ணியை உறிஞ்சிடும். மறுநாள் வெயில் ஏறும் முன்னே, சிமெண்டைப் பால் மாதிரி கரைச்சு பிரஷ்ஷால உள்ளே பூசணும். அது காயறதுக்குள்ள, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூணு பங்கு சலிச்ச மணல் கலந்து, நீர்க்கசிவு தடுக்கிற மருந்தை டப்பாவுல போட்டிருக்கிற அளவுப்படி ஊத்தி, அந்தக் கலவையை அழுத்தி அடைக்கணும். அரை மணி நேரத்துல தீர்ற அளவுக்குத்தான் கலக்கணும். கைப்பிடிச்சுவரும் தளமும் சேர்ற மூலையில தண்ணி தேங்காத மாதிரி சரிவாப் பூசி விடணும்.

நாலாவது, ஏழு நாள் சாக்குப் போட்டு ஈரம் காயாமப் பார்த்துக்கணும். இதுக்குக் காசு வேண்டாம், பொறுமைதான் வேணும். காலையில கோலம் போடும் முன்னே ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, விளக்கு வைக்கும் முன்னே ஒரு தடவை நான் ஏறினேன்.

அதுக்குப் பிறகு மழைத் தண்ணி போற குழாயைத் துணி வச்சு அடைச்சு, ரெண்டு விரல் அளவுக்குத் தண்ணி நிறுத்தி ஒரு நாள் பார்த்தோம். கீழே ஒரு சொட்டு இல்லை. பெரியக்கா கீழே நின்னு மேலேயே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நான் அழுதுட்டேன்.

கடைசியா தளம் முழுக்கக் கிளிஞ்சல் சுண்ணாம்பு ஃபெவிகால் சேர்த்து ரெண்டு தடவை அடிச்சோம். வெள்ளையா இருக்கிறதால வெயில் திருப்பி அடிக்குது, வீட்டுக்குள்ள சூடு குறைஞ்சிருக்கு. அது நிரந்தரம் இல்லை, கோடைக்கு முன்னே மறுபடி அடிச்சுக்கணும்.

என் நோட்டுல எழுதின செலவு இது: சிமெண்ட் ஒரு மூட்டை 430, மணல் 200, கசிவு மருந்து 180, சுண்ணாம்பு 200, ஃபெவிகால் 250, கரண்டி 150, உளி 120, கம்பி பிரஷ் 60, சுண்ணாம்பு பிரஷ் ரெண்டு 120. மொத்தம் 1,710 ரூபாய். பெரியக்காவுக்கு ரெண்டு நாள் கூலி கொடுத்தேன், வாங்க மாட்டேன்னாங்க. சித்தாள் கூலி இல்லைக்கா, கொத்தனார் கூலின்னு சொல்லிக் கையில வச்சேன். அதுக்காக என் வெள்ளிக் கொலுசை அடகு வச்சேன், பிறகு திருப்பிட்டேன். குழுக் கடனைப் பத்து மாசத்துல வட்டியோட அடைச்சுட்டேன்.

இப்போ முக்கியமான விஷயம். எல்லாத்தையும் நாமே செய்யலாம்னு நான் சொல்ல வரலை. எங்கே நிறுத்தணும்னும் தெரியணும்.

வேலை நடந்தப்போ, ஈரமா இருந்த சுவத்துல கை வச்சதும் சுருக்குன்னு ஒரு ஷாக். தண்ணி சுவிட்ச் போர்டு பக்கம் இறங்கியிருக்கு. உடனே மெயினை அணைச்சுட்டு வயர்மேனைக் கூப்பிட்டேன். அவர் வயரை மாத்தி, கரண்ட் கசிஞ்சாத் தானா விழுற ஆர்.சி.டி.யும் பொருத்தினார். கரண்ட் வேலையை நாம தொடவே கூடாது. சுவர் ஈரமா இருந்தா சுவிட்ச் பக்கம் கை வைக்காதீங்க.

அதே மாதிரி தளத்துக்கு அடியில காரை பேத்து விழுந்து, துருப்பிடிச்ச கம்பி தெரிஞ்சா, மேல பூசி மறைக்காதீங்க. அந்த இடத்துல பிள்ளைகளைப் படுக்க வைக்காதீங்க. பொறியாளரையோ அனுபவம் உள்ள கொத்தனாரையோ கூட்டி வந்து காட்டுங்க. கழிப்பறைத் தொட்டிக்குள்ள யாரும் இறங்கக் கூடாது, அதுல விஷவாயு இருக்கும்.

சுண்ணாம்பு ஊற வைக்கும்போதும் கவனம் வேணும். பிளாஸ்டிக் வாளி வேண்டாம், சூட்டுல உருகிடும். இரும்புச் சட்டியில தண்ணி வச்சு, அதுல சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாப் போடுங்க. பிள்ளைகளைக் கிட்டே விடாதீங்க. கண்ணுல பட்டா நல்ல தண்ணியால கால் மணி நேரத்துக்குக் குறையாமக் கழுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஏணியில ஏறும்போது ஒருத்தர் கீழே பிடிச்சே ஆகணும். புடவையை இழுத்துச் செருகிக்குங்க, நைட்டியோட ஏறாதீங்க.

சின்ன வேலைகள் நிறைய இருக்கு. குழாய் சொட்டுதா? மேல உள்ள வால்வை மூடிட்டு, குழாய்த் தலையைக் கழட்டி வாஷரை மாத்தினா போதும். மரை இருக்கிற இடத்துல வெள்ளை டேப்பைச் சுத்தி முறுக்கினா கசியாது. கதவு கீழே உரசுதா? கீல் ஸ்குரூ தளர்ந்திருக்கான்னு முதல்ல பாருங்க, கதவை இழைக்க வேண்டாம். இதையெல்லாம் என் பொண்ணே இப்போ செய்யறா.

ஜார்க்கண்ட் மாநிலத்துல குழுப் பெண்கள் கழிப்பறை கட்டக் கத்துக்கிட்டாங்க, அவங்களுக்கு "ராணி மிஸ்திரி"ன்னே பேர். கேரளாவுல குடும்பஸ்ரீ பெண்கள் முழு வீடே கட்டியிருக்காங்க. நம்ம கிராமத்துல கட்டட வேலைக்குப் போற பெண்களுக்குக் குறைவே இல்லை. ஆனா தலையில சட்டி வைக்கத்தான் கூப்பிடறாங்க, கையில கரண்டி கொடுக்க மாட்டேங்கறாங்க.

அதனால கூட்டமைப்புக்கு என் கோரிக்கை ரெண்டு. ஒண்ணு, கரண்டி, உளி, மணியாஸ் கட்டை, ஸ்பேனர், நல்ல ஏணி எல்லாம் சேர்த்து ஒரு செட் வாங்கிக் கூட்டமைப்பு அலுவலகத்துல வைக்கணும். நாள் வாடகை பத்து ரூபாய் போட்டாலும் கொடுப்போம். ரெண்டு, வீட்டு ரிப்பேருக்கு உள்கடன் கேட்டா "வருமானம் இல்லாத கடன்"னு ஒதுக்கக் கூடாது. 14,000 செலவு மிச்சமானா அதுவும் வருமானம்தானே? அன்னிக்கு எனக்குக் கடன் கொடுக்க வேண்டாம்னு சொன்ன அக்கா இப்போ முன்வரிசையில இருக்காங்க. போன மாசம் அவங்க வீட்டுத் தளத்தை நானும் பெரியக்காவும்தான் அடைச்சோம். கை தட்டுறாங்க பாருங்க.

என் பொண்ணு இந்த வருஷம் பத்தாவது எழுதறா. அவ மார்க் ஷீட் வந்ததும் அதே தகரப் பெட்டியிலதான் வைக்கப் போறேன், அதே பரண்லதான். நனையாது.